என் கூலி பதினைந்து ரூபாய்

மதியம் மூன்று மணி இருக்கும். கேரியர்கள் எல்லாம் திரும்பி வந்து, கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. கூடத்து மேசையில் மூத்தார் பேரேட்டை விரித்து வைத்திருந்தார். நெற்றியில் இருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கினார். சிவப்பு மைப் புட்டியின் தக்கையைத் திருகி எடுத்தார். பேனாவை அதில் தொட்டு, புட்டியின் விளிம்பில் ஒரு தரம் வழித்தார். பிறகு ரூல்தடியை வைத்து, அவர் ஏற்றிய கணக்குக்கு அடியில் நான் எழுதியிருந்த கடைசி வரியின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

அந்த வரி இதுதான்: “என் கூலி ரூ. 15.”

கோட்டுக்குப் பக்கத்தில் “தள்ளுபடி” என்று எழுதி, ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். புது மையின் வாசனை எனக்கு அன்றிலிருந்து ஆகாது.

“ஏம்மா, வூட்டுப் பொம்பள சோறாக்கறதுக்குக் கூலின்னு எந்த கோந்த்துல எழுதுவாங்க?” என்றார். கோந்த் என்றால் கணக்கு. மூத்தார் வாயில் பிரெஞ்சு வார்த்தை வந்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இது ஒரு மாதத்துக் கதை அல்ல. மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி நடந்தது. நான் எழுதுவேன், அவர் அடிப்பார். அடுத்த மாதமும் எழுதுவேன். அடிப்பார்.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஒரு பூரோவில், அதாவது ஆபீசில், எழுத்தராக இருந்து பென்ஷன் வாங்கியவர். மனிதர் கெட்டவரில்லை. குடிக்க மாட்டார். பொய் சொல்ல மாட்டார். அடுத்தவர் காசில் ஒரு தம்பிடி தொட மாட்டார். அதுதான் எனக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. திருடனாக இருந்தால் திருடன் என்று திட்டிவிட்டுப் போயிருக்கலாம். இவரோ ரூல்தடி வைத்து, வளையாமல் நெளியாமல், நியாயமாக அடித்தார்.

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “எல்லாரையும் ஒரு பிடி பிடிக்கிறீர்களே, உங்களுக்கு நல்லவர்களே வாய்க்கவில்லையா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வாய்த்தார்கள் அம்மா. எனக்கு வாய்த்த நல்லவர்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதினோரு கேரியர்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி மாறிய புதிதில் மெட்ராஸ் பக்கமிருந்து குமாஸ்தாக்கள் கும்பல் கும்பலாக வந்து இறங்கினார்கள். பாதிப் பேர் கல்யாணம் ஆகாதவர்கள். மீதிப் பேர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். அறை எடுத்துத் தங்கி, ஓட்டலில் சாப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போவார்கள்.

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். பாதி மாதம் மில் ஓடும், பாதி மாதம் கதவடைப்பு. கதவு திறக்கும் வரை குழந்தையின் வயிறு காத்திருக்குமா? நெல்லித்தோப்பில் எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஒரு குமாஸ்தா, எங்கள் வீட்டு ரசத்தின் வாசனையை மூன்று மாதம் மோந்துவிட்டு, ஒரு நாள் கூச்சத்தோடு வந்து கேட்டார். “எனக்கு மட்டும் எடுப்புச் சாப்பாடு கொடுப்பீங்களாம்மா?”

அவர் ஒருவர் மூவரானார். மூவர் பதினொருவர் ஆனார்கள். என் இரண்டு வளையல்களை அடகு வைத்து அடுக்கு கேரியர்களும் ஒரு பெரிய அண்டாவும் வாங்கினேன். ஆளுக்கு மாதம் இருபத்திரண்டு ரூபாய். மதியம் சோறு, குழம்பு, ரசம், ஒரு பொரியல், மோர். இரவுக்கு இட்லி அல்லது தோசை.

வீடு இரண்டு குடும்பத்துக்கும் பொது. அடுப்படியும் ஒன்றுதான். மூத்தார் தன் குடும்பத்துச் சாப்பாட்டுக்குப் பென்ஷனில் ஒரு பங்கு தந்துவிடுவார். அவர் மனைவி என் ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் அந்த வீட்டுக்கு வாழப் போனபோதே அக்காவுக்கு அங்கே பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டார். நான் எழுந்து வரும்போது மாவு அரைபட்டு முடிந்திருக்கும். மசாலா அம்மியில் வழித்து வைத்திருக்கும். நான் உலையை ஏற்ற வேண்டியதுதான்.

கேரியர்களைத் தூக்கிப் போக வைத்திக்குப்பத்திலிருந்து அஞ்சலை வருவாள். புருஷன் கடலுக்குப் போகிறவன். பதினோரு கேரியரையும் இரண்டு நடையாகக் கூடையில் சுமந்துபோய், ஒன்றுகூடக் கவிழாமல் சேர்த்துவிட்டு வருவாள். அவளுக்கு மாதம் பன்னிரண்டரை ரூபாய். அவளைப் பார்த்துத்தான் நான் எனக்குக் கூலி நிர்ணயித்தேன். சுமக்கிறவளுக்குப் பன்னிரண்டரை என்றால் சமைக்கிறவளுக்குப் பதினைந்தாவது வேண்டாமா? எவ்வளவு அடக்கமான ஆசை பாருங்கள். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பென்சில் நோட்டு

கணக்கு வைத்துக்கொள்ள எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம். கேரியர் போனால் கரியால் ஒரு கோடு. ஊருக்குப் போய்விட்டால் ஒரு சுழி. விருந்தாளி வந்து கூடுதல் சாப்பாடு வாங்கினால் ஒரு பெருக்கல் குறி. மாசக் கடைசியில் சுவரைப் பார்த்துப் பென்சிலால் நோட்டில் ஏற்றிவிட்டு, ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிடுவேன்.

அரிசிக் கடைச் சீட்டு, விறகுத்தொட்டிச் சீட்டு, எண்ணெய்ச் சீட்டு எல்லாம் கம்பியில் குத்தியிருக்கும். பால்காரருக்குச் சீட்டு கிடையாது, அவர் சொல்வதுதான் கணக்கு, அதனால் அதற்கு மட்டும் தனி நோட்டு. எல்லாவற்றையும் கூட்டி, ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் ஒரு துண்டுச்சீட்டு எழுதி, கேரியர் பிடியில் நூலால் கட்டி அனுப்புவேன். இரண்டு மூன்று நாளில் கேரியரின் மேல் அடுக்கில் பணம் வரும். நோட்டை எடுத்தால் ரசம் மணக்கும்.

இதில் ஒரு மகானுபாவர் இருந்தார். திண்டிவனத்துக்காரர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஊருக்குப் போவார். ஒரு மாதம் சீட்டின் பின்பக்கத்தில், “இருபத்திரண்டாம் தேதி இட்லி நான்கில் ஒன்றைத் தின்னவில்லை, திருப்பி அனுப்பினேன், கழித்துக்கொள்ளவும்” என்று எழுதி அனுப்பினார். நானும் விடவில்லை. “திரும்பி வந்த இட்லியை மறுபடி விற்க முடியவில்லை, ஆகவே கழிக்க இயலாது” என்று எழுதி அடுத்த கேரியரில் கட்டினேன். மனிதர் பணத்தை அனுப்பிவிட்டார். இந்த மாதிரி ஆட்களோடு சண்டை போடுவது எனக்குப் பிடிக்கும். சண்டையில் ஒரு நேர்மை இருந்தது.

அப்போதுதான் ஊரில் ஒரு வதந்தி கிளம்பியது. எடுப்புச் சாப்பாடு போடுகிறவர்களும் லைசன்ஸ் எடுக்க வேண்டும், முறையாகக் கணக்கு காட்டாவிட்டால் அபராதம் என்றார்கள். பாதி பிரெஞ்சுச் சட்டம், பாதி புதுச் சட்டம் என்று ஊரே குழம்பிக் கிடந்த காலம். எது மெய், எது புரளி என்று யாருக்கும் தெரியாது. மூத்தார் முன்வந்தார்.

“பென்சில்ல எழுதற கோந்த்த எவனும் ஒத்துக்க மாட்டான். நான் பேரேட்டுல ஏத்தித் தரேன். இங்க வரவு, இங்க செலவு. அடியில மீதி” என்றார்.

நான் சந்தோஷமாக நோட்டைக் கொடுத்தேன். தடித்த அட்டை போட்ட பேரேடு, அவரே காசு போட்டு வாங்கினார். முத்து முத்தான எழுத்து. முதல் பக்கத்தில் வியாபாரம் செய்பவர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயரை எழுதினார். என் வீட்டுக்காரருக்கு ரசத்தில் புளி எவ்வளவு போட வேண்டும் என்று இன்றுவரை தெரியாது.

லைசன்ஸ் கேட்டு யாரும் வரவில்லை. பேரேடு மட்டும் நிலைத்துவிட்டது.

அரை நயா பைசா

அணா போய் நயா பைசா வந்தது அந்தச் சமயத்தில்தான். பதினாறு அணா நூறு பைசா ஆனது. ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் காலை எங்கே கொண்டுபோய் வைப்பது? கடைக்காரர் விற்கும்போது ஏழாக்குவார், வாங்கும்போது ஆறாக்குவார். சந்தைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் விரலை மடக்கி மடக்கி வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு வந்தார்கள்.

மூத்தாருக்கு அது திருவிழா. அட்டையில் ஒரு வாய்பாடு எழுதிச் சுவரில் மாட்டினார். கூடுதல் சாப்பாட்டுக்குப் பத்தணா வாங்கிக்கொண்டிருந்தோம். அது அறுபத்திரண்டரை நயா பைசா. அறுபத்திரண்டு வாங்கினால் நமக்கு நஷ்டம், அறுபத்து மூன்று வாங்கினால் அவர்களுக்கு நஷ்டம். ஆகவே ஒரு தடவை அறுபத்திரண்டு, மறு தடவை அறுபத்து மூன்று என்று முறை வைத்தார். யாருக்கு எந்த முறை என்பதற்குப் பேரேட்டில் தனிப்பக்கம்.

சிரிக்கிறீர்களா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரை நயா பைசாவுக்குத் தனிப்பக்கம் திறந்த அதே மனிதர், அதே பேனாவால், என் ஒரு மாத உழைப்பைக் கோடு போட்டு அடித்தார். அரைப் பைசா காணாமல் போனால் அவருக்குத் தூக்கம் வராது. நான் காணாமல் போனால் கணக்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நாற்பத்தைந்து ரூபாய் ஆள்

இரண்டாவது பிரசவத்துக்கு நான் பாகூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனேன். கேரியரை ஒரு மாதம் நிறுத்தினால் பதினோரு பேரும் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். அதனால் மூத்தார் விழுப்புரத்திலிருந்து சுப்பராயன் என்ற சமையல்காரரை வரவழைத்தார்.

சுப்பராயன் கல்யாண வீடுகளில் சமைத்த கை. வந்த அன்றே நிபந்தனைகளைச் சொல்லிவிட்டாராம். மாசம் நாற்பத்தைந்து ரூபாய். சாப்பாடு தனி. வெற்றிலை பாக்கு தனி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் தனி. “நான் கரண்டி புடிக்கறவன். கொழவி புடிக்கறவன் இல்ல. அரைக்க, நறுக்க ஆள் வேணும்” என்றாராம். மூத்தார், “அதுக்கு வூட்ல ஆளு இருக்குது” என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆளின் சமையலில் எண்ணெய் மிதந்தது. இரண்டு குமாஸ்தாக்கள் கேரியரை நிறுத்திவிட்டார்கள். நான் கைக்குழந்தையோடு திரும்பி வந்த அன்று, குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு முதல் வேலையாகப் பேரேட்டைத் திறந்தேன். மூத்தார் கையெழுத்து. கறுப்பு மை. “சுப்பராயன், சமையல் கூலி ரூ. 45.” அடுத்த வரி வெற்றிலை பாக்கு. அதற்கடுத்த வரி நல்லெண்ணெய்.

சிவப்புக் கோடு இல்லை. தள்ளுபடி இல்லை.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிரசவித்த பச்சை உடம்பு. நாற்பத்தைந்து! நான் கேட்டது பதினைந்து. அவர் குளித்த எண்ணெய்க்கு இருந்த இடம்கூட என் பதினைந்துக்கு அந்தப் பேரேட்டில் இல்லை. அந்த மாதம் அடியில் மீதி என்ற இடத்தில் முதல் தடவையாக நஷ்டம் என்று எழுதியிருந்தது. நான் இருந்தால் முப்பது ரூபாய் சொச்சம் லாபம். நான் இல்லாவிட்டால் நஷ்டம். இதைவிடப் பச்சையாக ஒரு கணக்கு எப்படிச் சொல்லும்?

ஆனால் அன்று பக்கத்தின் மூலையை மட்டும் மடித்து வைத்தேன்.

பாதி

நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டு போக்கியத்துக்கு வந்தது. எண்ணூறு ரூபாய் கொடுத்தால், அவர்கள் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும்வரை வாடகை இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பெரிய அறை. புகை போக வழி. வாசலிலேயே கிணறு. அங்கே அடுப்பு போட்டால் இருபது கேரியர் அனுப்பலாம். வளையலை மீட்டது போக, என் பெட்டியில் எண்ணூற்றுப் பன்னிரண்டு ரூபாய் சேர்ந்திருந்தது. பின்கட்டின் சொந்தக்காரர்கள் பத்தாம் தேதி வரை எனக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அண்ணனிடம் சொன்னார். அவர் வயிற்றில் எதுவும் தங்காது.

ஐந்தாம் தேதி மதியம் மூத்தார் எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். எல்லாரும் என்றால் நாங்கள் நால்வர்தான். அவர், என் வீட்டுக்காரர், நான், அக்கா. அக்கா இரவுச் சட்னிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், முறத்தோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

மூத்தார் தொண்டையைச் செருமினார். “இதுநாள் வரைக்கும் நின்ன மீதி எண்ணூத்திப் பன்னெண்டு. பொது வூடு, பொது அடுப்பு, பொதுக் கெணறு. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சரி பாதி. நானூத்தி ஆறு என் பங்கு. நானும் ஒரு மனைக்கு முன்பணம் குடுக்கணும். கோந்த்துல தப்பு இருந்தா சொல்லும்மா.”

நானூற்று ஆறு போனால் பின்கட்டு போச்சு. எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

“கோந்த்துல தப்பு இல்ல மாமா. மூலை மடிச்ச பக்கத்தத் திருப்புங்க” என்றேன்.

திருப்பினார்.

“இது யாரு கையெழுத்து?”

“என்னுதுதான்.”

“சுப்பராயன், சமையல் கூலி நாப்பத்தஞ்சு. இதுக்கு ஏன் மாமா செவப்புக் கோடு போடல?”

“ஏம்மா, அது வேற, இது வேற. அவன் வெளியாளு. வெளியாளுக்குக் கூலி. வூட்டாளுக்கு ஏது?”

“அவன் ஆக்கற சோறு வேற, நான் ஆக்கற சோறு வேறயா? ஒரே அரிசி, ஒரே அடுப்பு. அவன் ஆக்குனதத் தின்னுட்டு ரெண்டு பேரு ஓடிட்டாங்க. நான் ஆக்குனத இன்னும் நாலு பேரு கேட்டுக்கினு நிக்கறாங்க.”

என் வீட்டுக்காரர், “ஏய், மெல்லப் பேசு” என்றார். இரண்டு வருடத்தில் இந்த வியாபாரத்துக்கு அவர் செய்த உதவி அதுதான்.

“எனக்கு நாப்பத்தஞ்சு வாணாம். நாப்பது போடுங்க. நான் ஊருக்குப் போன மாசத்தத் தள்ளி இருபத்தஞ்சு மாசம். எவ்ளோ ஆச்சு?”

மூத்தாரிடம் ஒரு பலவீனம். பெருக்கச் சொன்னால் பெருக்காமல் இருக்க முடியாது. அவர் உதடு தானாக அசைந்தது. “ஆயிரம்” என்றார்.

“பொட்டியில இருக்கறது எண்ணூத்திப் பன்னெண்டு. என் கூலிக்கே பத்தல. பங்கு போட லாபம் எங்க மாமா இருக்குது? காட்டுங்க.”

மூத்தார் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு யாராவது எழுதிய கணக்காக இருந்தால் குறை கண்டுபிடித்திருப்பார். அது அவர் கையெழுத்து. கடைசியில் பேரேட்டை என் பக்கம் தள்ளி, கறுப்பு மைப் பேனாவை அதன் மேல் வைத்தார்.

“நீயே எழுதிக்க. எண்ணூத்திப் பன்னெண்டும் கூலின்னு எழுதிக்க” என்றார். குரலில் வெறுப்பு இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். நான் பேனாவை எடுத்தேன். “மங்கை, சமையல் கூலி” என்று என் பெயரைப் போட்டு எழுத ஆரம்பித்தேன். அன்று என்னைவிட உயரமான பெண் புதுச்சேரியில் யாரும் இல்லை.

“எனக்கு?”

சுவரோரத்திலிருந்து அக்கா கேட்டார்.

வெங்காயம் உரிக்கும் கை நிற்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “எனக்கு எவ்ளோ போட்டிருக்கே, மங்கா?” என்றார்.

மூத்தார் சீறினார். “நீ உள்ள போ.”

“மூணு மணிக்கு மாவாட்ட எழுந்தேனே, அப்ப உள்ள போயிப் படுன்னு சொன்னீங்களா?” என்றார் அக்கா. நான் வந்த ஏழு வருடத்தில் அவர் புருஷனிடம் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பென்சில் நோட்டு என் மடியில் இருந்தது. அதைப் புரட்டினேன், எதற்காக என்று தெரியவில்லை. அஞ்சலை, பன்னிரண்டரை. விறகு பிளந்த ஆள், ஆறணா. அண்டாவுக்கு ஈயம் பூசினவர், ஒன்றேகால். பூனை கொட்டிய பால், கால்படி. பூனைக்கு ஒரு வரி போட்டிருந்தேன். அக்காவுக்குப் போடவில்லை. இருபத்தாறு மாதத்தில் ஒரு மாதம்கூடப் போடவில்லை. மூத்தார் என் வரியை அடித்தார் என்று ஊரெல்லாம் குமுறிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு, அடிப்பதற்குக்கூட நான் ஒரு வரி எழுதவில்லை.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. எனக்கு அக்கா மேல் கோபம்தான் வந்தது. இத்தனை பாடுபட்டு நான் வாதாடி ஜெயித்தபின் இவர் வந்து கையை நீட்டுகிறாரே என்று வயிறு எரிந்தது. பின்கட்டும் கிணறும் கண்ணுக்கு முன்னால் நழுவிப் போயின. மனசைத் திடப்படுத்திக்கொண்டு, பெரிய தாராளமாக, “அக்காவுக்கு நூறு எழுதறேன்” என்றேன். என் வரிக்குக் கீழே எழுதியும் விட்டேன்.

“உனக்கு எழுநூறு. எனக்கு நூறா?”

“அக்கா, ஆக்கறது வேற, அரைக்கறது வேற.”

சொல்லி முடித்ததும் என் காதே என்னைச் சுட்டது. அது வேற, இது வேற. கால் மணி நேரத்துக்கு முன்னால் மூத்தார் சொன்ன வாக்கியம். எச்சில்கூடக் காயவில்லை, என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. மூத்தார் என்னைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. மேசை மேல் இருந்த சிவப்பு மைப் புட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

என் வரியையும் அடித்தேன். அந்த நூறையும் அடித்தேன். என் கோடு அவர் கோடு மாதிரி நேராக வரவில்லை. கீழே புதிதாக எழுதினேன். “மங்கை, கூலி ரூ. 406.” அடுத்த வரியில் “அக்கா” என்று ஆரம்பித்தேன்.

“பேரேட்டுல மொறைய எழுதக் கூடாது. பேர எழுது” என்றார் மூத்தார்.

எனக்குப் பெயர் தெரியவில்லை. ஏழு வருடம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறேன். கல்யாணத்தன்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதன்பிறகு அக்காதான். வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெட்கத்தை விட்டு, “உன் பேரு என்னாக்கா?” என்று கேட்டேன்.

“தையநாயகி” என்றார். “பெருசா எழுது.”

பத்தாம் தேதி பின்கட்டை வேறு ஒருவர் பிடித்துக்கொண்டார். என் பங்கை வைத்துக்கொண்டு நான் போய்க் கெஞ்சிப் பார்த்தேன், ஆகவில்லை. இரண்டு நாள் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பு என் மேல்தான் என்று தெரியும். தெரிந்தும் பேசவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் ஆட்டுக்கல் சத்தம் கேட்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனேன். அக்கா ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தன் பங்கைப் போட்டுப் பூட்டிய பெட்டியின் சாவி இடுப்பில் செருகியிருந்தது. ஊறிய அரிசிப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்து எடையை மதிப்பிட்டார்.

“எத்தன படி ஊறப் போட்டே?” என்று கேட்டார்.

அதுவரை ஒரு நாளும் அவர் என்னிடம் அளவு கேட்டதில்லை.